பொடித் தங்கமும் முனிரத்தினமும்

எங்கள் கோலார் தங்கவயலில் தங்கத்தைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. தெரிந்து பேசியவன் முனிரத்தினம் ஒருவன்தான். மைசூர் மைன்ஸில் தங்கத்தை உருக்கிச் சோதிக்கும் ஆபீசில் பதினெட்டு வருஷம் அடுப்போடு கிடந்தவன். மைன்ஸ் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருக்க, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, தொண்ணூற்றேழில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தான். காலையில் பெங்களூர் போகும் மாரிக்குப்பம் ரயிலில் எனக்கு எதிர் சீட்டு.

அங்கே டாக்டர் பிரதாப் என்றொரு மேதை. கண்ணுக்கே தெரியாத தங்கத் துணுக்குகளை ஒரு தூளில் ஒட்டவைத்து, கண்ணாடிக் குழாயில் போட்டுச் சூடாக்கி, வண்டிப் புகையில் இருக்கிற விஷவாயுவை அதன் வழியே விடுவார். தங்கம் அந்த விஷத்தை முறிக்க வேண்டும். வினையூக்கியாம், வேலையை நடத்திவிட்டுத் தான் மட்டும் மாறாமல் இருக்குமாம். சூடாக்கும் முன் தூளை ஒரு படம் எடுத்துவிட்டு ஐயா காபி குடிக்கப் போய்விடுவார். குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருப்பது முனிரத்தினம்.

"சார், செவப்பா போன தூளு முந்நூறு டிகிரில ஊதாவாவுது. நெருப்புல தங்கம் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும் சார். துணுக்கு பெருசானா வேலை செய்யாது. மீட்டர்ல விஷம் ஏறுது, வந்து பாருங்க."

"உனக்கென்னய்யா தெரியும்? வினையூக்கி மாறாது. புக்கிலேயே இருக்கு."

இவன் விடவில்லை. டிகிரியையும் நிறத்தையும் இரண்டு வருஷம் நோட்டில் எழுதி, டாக்டர் மேசையில் வைத்தான். அடடா, திடீரென்று டாக்டருக்கு ஞானம் பிறந்தது! வினையின்போது வினையூக்கி மாறுகிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. சால்வை போட்டார்கள். அடுப்பு செய்த கம்பெனிக்குக்கூட நன்றி எழுதியிருந்தார், முனிரத்தினத்துக்கு ஒரு வரி இல்லை.

இரண்டாயிரத்தில் நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வந்தது. வயது வரம்பு முடிய அவனுக்கு ஏழே மாதம். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், நடுவில் பிரதாப்.

"வினையூக்கி வினையில மாறுமா?" என்றார் ஒருவர்.

"மாறும் சார்."

அவர் கையிலிருந்த விடைத்தாளில் 'மாறாது' என்று அச்சாகியிருந்தது. முனிரத்தினம் பிரதாப்பைப் பார்த்தான். மேதை மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையா?

'அடிப்படை அறிவு போதாது' என்று கடிதம் வந்தது. ரயிலில் எனக்குக் காட்டிவிட்டு, அதை மடித்து நோட்டுக்குள் வைத்தான்.

திங்கட்கிழமை பிரதாப் அவனைக் கூப்பிட்டு, "எல்லாம் ரூல்ஸ்ப்பா, மனசுல வெச்சுக்காதே. தினக்கூலிக்கு வழக்கம்போல வந்துடு. அடுத்த கட்டுரைக்கு உன் நோட்டு வேணும்" என்றாராம்.

"அதுக்கின்னா சார், வர்றேன்" என்றான் முனிரத்தினம். அன்று குழாய்க்குள் தூள் கண்ணெதிரே ஊதாவானது. அவன் பேனாவை எடுத்து, பிரதாப் கேட்ட நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதி வைத்தான்: மாறவில்லை.