பத்தியம் சொன்னவன்

2012 மாரியில், சுவிஸின் ஆரா நகரில், எங்கள் கீழ்வீட்டு அண்ணைக்குத் தலைச்சுற்று வந்தது. முதியோர் இல்லச் சமையலறையில் அவர் உருளைக்கிழங்கு சீவுவார். நான் தட்டுக் கழுவுவேன். மிச்ச நேரமெல்லாம் புத்தகம் வாசிப்பதால் என்னை "வாத்தி" என்பார். அவருக்கு அது கேலி. நான் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பிறஷர் குளிசை விழுங்கியும் சுற்று நிற்கவில்லை என்று சீன வைத்தியர் ஒருவரிடம் போனார். அவர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, பதினான்கு பொட்டலம் கொடுத்தார். தலைச்சுற்றுக்கும் பாரிசவாதத்துக்கும் அவர்கள் காலங்காலமாகக் கொடுக்கும் மருந்தாம். கூடவே டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், ஒரு தாள். அதை வாசிக்கத்தான் நான்.

ஒரு பொட்டலத்தை மேசையில் கொட்டினோம். சீவிக் காயவைத்த கிழங்கு, உடைத்த சிப்பி, பூனை நகம்போல் கொக்கியுள்ள குச்சிகள்.

"என்ன வாத்தி, இது குடிக்கவோ மீன் பிடிக்கவோ?"

சிப்பியை முதலில் அவிக்க வேண்டும். கொக்கிக் குச்சிகளைக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் போட வேண்டும். டொக்டர் தந்த குளிசைகளை நிறுத்தவே கூடாது. தாளில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் நான் திருத்தினேன். கசாயமென்றால் ஒன்றாய்ப் போட்டு எட்டிலொன்றாக வற்றவைப்பதல்லவா முறை? சித்த வைத்தியம் பற்றி நான் இரண்டரைப் புத்தகம் வாசித்தவன்.

"மூலிகை குடிக்கேக்க இங்கிலீஷ் மருந்து கூடாதண்ணை. ஒண்டையொண்டு முறிக்கும். மீனையும் கத்தரிக்காயையும் விடுங்கோ."

"தாளில குளிசையை நிப்பாட்டச் சொல்லியிருக்கோ?"

"இல்லை. சீனருக்குப் பத்தியம் தெரியாது."

அவருடைய மனைவி அடுப்படியில் நின்றபடி கேட்டார்: "தம்பி, வடிவாத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

அக்கா குளிசைப் பெட்டியை எடுத்து, குளிர்ப்பெட்டிக்கு மேல், அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார்.

நாலாம் நாள் சுற்றுக் குறைந்தது. எனக்கு நடையே மாறிவிட்டது. ஏழாம் நாள் அண்ணையின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "மருந்து வேலை செய்யுது" என்றேன். ஒன்பதாம் நாள் கத்தி அவர் வலக் கையிலிருந்து நழுவிக் காலருகே விழுந்தது.

"கை மரத்துக் கிடக்கு, வாத்தி."

"குளிரண்ணை."

சமையலறையில் ஆறு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கை சரியாகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது அந்தக் குளிசைப் பெட்டியை எடுத்துக் கொடுக்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். யோசித்ததோடு சரி, சொன்ன சொல்லை மாற்றினால் வாத்திக்கு என்ன மரியாதை?

பதினோராம் நாள் காலை அக்கா படியேறி ஓடிவந்தார். "இவர் கதைக்கிறாரில்லை தம்பி!"

வாய் ஒருபக்கம் இழுபட, மேசையோடு சாய்ந்திருந்தார். கோப்பையில் பாதிக் கசாயம் மிச்சம் இருந்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் கேட்டார்: என்ன மாத்திரை எடுப்பவர், நிறுத்தினாரா, எப்போது, ஏன்? அக்கா என் சட்டையைப் பிடித்தார். "நீங்களே சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே டொச் தெரியும்."

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். பதினொரு நாள் என்றேன். மூலிகையையும் மறைக்கவில்லை. ஏன் என்பதற்கு மட்டும், "மறந்துவிட்டார்" என்றேன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. ஆனால் கட்டிலில் கிடந்த மனுசன் இருபது வருடம் சமையலறையில் நின்றவர். 'மறந்துவிட்டாயா' என்பது எங்கள் முதலாளி தினமும் கத்தும் டொச். அண்ணையின் தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

அவர் பிழைத்தார். வலக் கை சுகப்படவில்லை. பேச்சு மெதுமெதுவாகத் திரும்பியது: தண்ணி, பிள்ளையள், வலி, பிறகு பகிடிகூட. இன்றும் சனிக்கிழமைகளில் போய், டொக்டர் தந்த தாளைப் பக்கத்தில் வைத்து, அவருடைய குளிசைகளை ஏழு நாளுக்கும் எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும், "சரியோ எண்டு தாளைப் பாருங்கோ" என்பார்.

இப்போது என்னை வாத்தி என்றோ வேறெப்படியுமோ அவர் கூப்பிடுவதில்லை. நான் தாளை முதல் வரியிலிருந்து உரத்து வாசிக்கிறேன்.