நெற்றியில் விழுந்த கொப்பு

எதை முதலில் தொடங்குவது, எதை எப்போது நிறுத்துவது என்று தீர்மானிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதானாம். அதில் அடிபட்டால் பேச்சும் ஞாபகமும் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் ஒரு காரியத்தையும் ஒழுங்காகச் செய்து முடிக்க முடியாதாம். வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் இதை எனக்கு விளங்கப்படுத்தினார். நாங்கள் குடியிருந்த அக்கராயனில் அப்போது இந்த நோய்க்குச் சோம்பல் என்று பெயர். கண்டுபிடித்த பெருமை என்னையே சேரும்.

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கம் கொடுத்த குடியேற்றக் காணி எடுத்தவர்கள் நாங்கள். காடு வெட்டும்போது ஒரு பாலை மரக் கொப்பு என் கணவரின் நெற்றியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள், கணக்குக் கேட்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னார். பிறகென்ன, ஆள் குணம் என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை வந்த நாள், விடியவே மண்வெட்டியோடு போனார். நான் தேநீர் கொண்டுபோனபோது வாய்க்கால் கரையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் சோற்றோடு போனபோதும் அதே கரைதான். அரண்மனைச் சுவர்கூட அவ்வளவு நேராக இருந்திராது. மடை மட்டும் திறக்கவில்லை. எங்கள் முறை முடிந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

"மடை திறக்கவேணும் எண்டு தெரியாதோ?" என்று கத்தினேன்.

"தெரியும். திறந்து, மேல் வயலை நிரப்பிப்போட்டுக் கீழ் வயலுக்கு விடவேணும்," என்றார்.

அந்தப் போகம் விதைக்கவில்லை. விதைக்காத காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும் புத்திசாலியான நான் காணிக்குப் பயப்படவில்லை. ஊர் இவரை விசரன், மூளை பிசகியவன் என்று சொல்லிவிடுமே என்றுதான் பயந்தேன். ஒரு கிழமை முழுக்க, என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, சட்டையைத் தோய்த்து மினுக்கிப் போட்டுக் கதிரையில் இருத்தினேன்.

அவர் சொன்ன பதில்களைக் கேட்டு அதிகாரியே நெல்லைப் பற்றி இரண்டு விஷயம் படித்திருப்பார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் வடிவாத் தெரிஞ்ச மனுசன். ஏன் வயல் இப்பிடிக் கிடக்குது? இவருக்கு ஏதும் நோய் வருத்தம் எண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ அம்மா. காணியை உங்கட பேருக்கு மாத்தப் பாக்கலாம்."

வேலிக்கு அப்பால் அயலவர் நாலைந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா," என்றேன்.

காணி பறிபோன கடிதத்தை என் கணவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார், ஒரு பிழையும் இல்லாமல். நான் வாய்விட்டு அழுதேன்.

"ஏன் அழுறாய்? நாங்கள் விதைக்கேல்லைத்தானே," என்றார்.