சங்கிலி போன வருஷத்து விலை

போடியில் அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக ஏலக்காய் வியாபாரம் செய்தார்கள். வருஷக் கணக்கு முடிக்கும்போது குடோனில் கிடக்கும் மூட்டைகளுக்கு அன்றைய சந்தை விலையைத்தான் போடுவார்கள். ஏறினாலும் இறங்கினாலும் அதுதான். பெரியப்பா வகுத்த முறை. ஒரு வருஷம் விலை படுத்துவிட்டது. இந்த ஒரு தடவை வாங்கின விலையையே போடுவோம் என்று அப்பா கெஞ்சினார்.

"ஏலே, சந்தை சொல்றதுதான் கணக்கு. ஒம் பாதி நட்டத்தைக் கொண்டா" என்று முடித்துவிட்டார் பெரியப்பா. அப்பா அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்தார்.

அதை மீட்காமலே அப்பா போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் பார்த்து விலை கிடுகிடுவென்று ஏறியிருந்தது. பங்கு வந்தால் சங்கிலியை மீட்டுவிடலாம் என்று அம்மா நம்பியிருந்தாள். காரியம் முடிந்ததும் பெரியப்பா எங்களைக் கடைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஆடிட்டர்.

"இந்த வருசத்துல இருந்து வாங்குன விலைக்குத்தான் சரக்கை மதிக்கிறோம். அதுதான் பாதுகாப்புன்னு ஆடிட்டர் சொல்றாக."

பாதுகாப்பாம்! யாருக்கு? விலை ஏறின லாபத்தில் எங்கள் பங்குக்கு ஒன்றும் வராது. பி.காம். படித்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறையை மாற்றுவது குற்றமில்லை. செத்தவர் பங்கைப் பிரிக்கிற அன்றைக்கா மாற்றுவது என்று கத்தினேன். ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, நீ சின்னப்பிள்ள. சும்மா இரு" என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து.

அவர் எதிரில் ஒருநாளும் உட்கார்ந்தறியாத அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எஞ் சங்கிலி அடகுக்குப் போன வருசம் இந்தப் பாதுகாப்பு எங்கன போயிருந்துச்சு?"

பெரியப்பா கணக்கு நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார். விலையை மாற்றவில்லை. கோர்ட்டுக்குப் போக எங்களுக்கு வக்கில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம். அது அடகின் அசலுக்கே போதவில்லை, வட்டிக்கு எங்கே போவது? சங்கிலி மூழ்கிப்போனது.

மறுவருஷம் பேங்கில் கூடுதல் கடன் வாங்குவதற்காகப் பெரியப்பா பழையபடி சந்தை விலைக்கே மாறிவிட்டார் என்று தெரிந்தது. நேரே கடைக்குப் போய்க் கேட்டேன்.

"பேங்குக்காரன் முன்னால சரக்கைக் கொறைச்சுக் காட்ட முடியுமா?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"எங்கம்மா முன்னால மட்டும் முடிஞ்சுச்சாக்கும்?"

அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அம்மா போனாள். வெறுங்கழுத்தோடு, மேடைக்கு நேர் எதிரே முன்வரிசையில் உட்கார்ந்தாளாம். கடைசி ஆள் கிளம்பும்வரை எழுந்திருக்கவே இல்லையாம்.