அம்மாவிடம் மிஞ்சிய ஒரே சொல்

அந்த இட்லித் தட்டை அம்மாவின் முன்னாலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேலூரில் ஆஸ்பத்திரி வார்டு. பக்கவாதம் வந்து நான்காம் நாள். இரண்டு வாய் ஊட்டியிருப்பேன், "போதும்" என்றாள். இன்னும் ஒரு வாய் வாங்கிக்கொள் என்று கெஞ்சினேன். மறுபடியும் "போதும்." மீதியைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவளுடைய இடது கை தட்டு இருந்த இடத்தில் துழாவிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தேடுகிறாள் என்று நினைத்து எடுத்து மாட்டிவிட்டேன். அம்மா அழுதாள். இந்த நோய் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் தன் ஆயாவைப் பார்க்க வந்தாள். அப்போது இரண்டாம் வகுப்பு. நான் வழக்கம்போலத் தட்டை எடுக்கப் போனபோது, "அம்மா, ஆயா தட்ட வுட மாட்டேங்குது பாரு. அதுக்குப் பசிக்குதும்மா" என்றாள். அம்மாவின் விரல்கள் தட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன. அன்று ஒவ்வொரு வாய்க்கும் "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே நான்கு இட்லி சாப்பிட்டாள். மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மருத்துவர் விளக்கினார். நாம் சொல்வதெல்லாம் அம்மாவுக்குப் புரிகிறது. ஆனால் அவளிடம் மிஞ்சியிருப்பது ஒரே சொல்தான். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வெளியே வரும். அத்தனை நாளும் நான் அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

இருபத்தாறு வருஷம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் அம்மா. நூறு மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டிலும் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. கம்பெனி வேனில் டிரைவரோடு சண்டை போடுவாள், கூட வரும் பெண்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பாள். எனக்கு வாணியம்பாடியில் வேலை கிடைத்து அங்கே குடிபோன பிறகு, தினமும் போன் வரும். "இன்னா கொழம்பு வச்ச? புளி ஜாஸ்தி போட்டியா? கொழந்த சாப்ட்டாளா?" எதற்கும் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். அத்தனை சொற்களில் இந்தப் "போதும்" மட்டும் ஏன் தங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் பெயர்கூடத் தங்கவில்லை.

அம்மாவை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். மகளுக்கும் அவளுக்கும் ஒரு சிரமமும் இல்லை. "சேப்பு ரிப்பனா, நீலமா ஆயா?" என்பாள். "போதும்" என்பாள் அம்மா. கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அந்த ரிப்பனைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். எனக்கு அது வரவில்லை. தண்ணியா, முதுகு வலிக்குதா, தம்பிக்குப் போன் போடட்டுமா என்று நான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்பேன். "போதும், போதும்" என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொள்வாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

எட்டு மாதம் இப்படிப் போனது. மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, மறுபடியும் வேலூர். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தொண்டையில ட்யூப் போட்டு மிஷின்ல வைக்கணும். வச்சா திரும்ப எடுக்க முடியுமான்னு சொல்ல முடியாது. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க." பெங்களூரிலிருந்த தம்பி போனில், "நீதானக்கா கூட இருக்க. நீ இன்னா சொல்றியோ அதான்" என்றான்.

அம்மாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். "மிஷின்ல வைக்கட்டாம்மா?" என் விரலை இறுக்கிப் பிடித்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து, "போதும்."

"அப்ப வீட்டுக்குப் போய்டலாமா?"

"போதும்."

"மிஷின் வேணும்னா கண்ண மூடும்மா."

கண்ணை மூடினாள். பதிலா, அசதியா? திறப்பாள் என்று நெடுநேரம் நின்றேன். திறக்கவில்லை. மகளை அழைத்து வரலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். அந்த வார்டுக்குள் குழந்தைகளை விட மாட்டார்களாம்.

வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் காலை, தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து நின்ற நேரத்தில், அம்மாவின் மூச்சு நின்றது.

சாவுக்கு வந்தவர்களில், அம்மாவுக்கு அடுத்த மிஷினில் தைத்த அக்காவும் இருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "மிஷின்லாம் வேணாம், போதும்னு உங்கம்மாவே சொல்ட்டாங்களாமே? உன் தம்பி சொன்னான். கொடுத்துவச்சவங்க, அழாத" என்றார். தம்பி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். அவனுக்கு அது தேவைப்பட்டது. இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது அதைச் சொல்வதுண்டு. ஆமாம், அம்மாதான் சொன்னாள் என்கிறேன். தம்பி அப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இதைப் பற்றிச் சரியாகக் கேட்டவள் என் மகள் ஒருத்திதான். இப்போது அவள் ஆறாம் வகுப்பு. போன மாதம் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே கேட்டாள். "அன்னிக்கி ஆஸ்பத்திரில போதும்னு சொல்லச்சொல்ல ஆயா எந்தப் பக்கம் பாத்துச்சும்மா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.