படகுக்குப் போன கரியடுப்பு

என் மாமாவுக்குத் தெரியாத வேலை உலகத்தில் கிடையாது. இதை எங்களுக்குச் சொன்னவரும் மாமாதான். அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர், அறுபதுகளில் ஒரு கோடையில் தாராவிக்கு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒற்றை அறையில் ஏற்கெனவே அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அதனால் மாமாவுக்குச் சாப்பாடு வீட்டில், படுக்கை அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கில்.

வேலை எதுவும் நிலைக்கவில்லை. மழை பிடித்த சமயத்தில், மாஹிம் கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு சேட்டின் பழைய படகு அகப்பட்டது. அதன் உள்ளறை முழுக்கத் தேக்குப் பலகை, உப்புக்காற்றில் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. தேங்காய்ப் பௌர்ணமியன்று மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் படகிறக்குவார்கள். அதற்குள் பலகையில் முகம் பார்க்கலாம் என்று மாமா அரைகுறை இந்தியில் அடித்துவிட்டார்.

அப்பா சுருக்கமாக முடித்தார்: “மாப்ளே, இதுவும் ஊத்திக்கிட்டுன்னா ஊருக்கு ரயிலேறிரும்.”

மாமா உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, சாம்பலுக்கடியிலிருந்து தேன் நிறம் வந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் பூசினார். சாயங்காலம் பலகையில் என் முகம் தெரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், விபூதி பூசினாற்போல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஊரில் பூசிய கையோடு காய்கிற பாலிஷ், பம்பாய் மழையின் ஈரத்தை இழுத்துக்கொண்டுவிட்டது. இனி மாமாவை ஊருக்கு ரயிலேற்றிவிடுவார்களே என்று, ஓவென்று அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

மழைக்காலத்தில் எங்கள் துணிகளைக் கரியடுப்பின்மேல் கூடை கவிழ்த்து உலர்த்துவது அத்தையின் வேலை. கதையைக் கேட்டவள், அடுப்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். மாமாவிடம் அவள் நேராகப் பேசமாட்டாள்.

“ஏட்டி, உங்க மாமாட்ட சொல்லு. பாவாடை காயுத சூட்டுல பலகை காயாதா? மொதல்ல அந்த ஸ்பிரிட் போத்தலை வெளிய வைக்கச் சொல்லு.”

“இதெல்லாம் எனக்கும் தெரியும்னு சொல்லு,” என்றார் கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மாமா.

“தெரிஞ்சவிய எதுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்காவன்னு கேளு.”

இருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. உள்ளறையை மூடிச் சூடேற்றி, அடுப்பை வெளியே எடுத்தபின் மாமா பூசினார். நாளுக்கொரு பலகையாக வெள்ளை மறைந்தது.

பிறகு மழை விட்டு வெயில் அடித்தது. மாமாவோ தினமும், “இன்னும் ஈரம் இருக்கு, நாளைக்கும் அடுப்பு வேணும்னு சொல்லு,” என்றார். எதற்கும் எதிர்வாதம் வைத்திருக்கும் அத்தை, இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் வந்தாள். நான் தடவிப் பார்த்தேன். சுக்காய்க் காய்ந்திருந்தது. பொய் எனக்குப் பிடிக்காது.

“அப்பா, பலகை நல்லா காஞ்சிட்டு. மாமா சும்மா சொல்லுதாவ,” என்று சாப்பாட்டு நேரத்தில் போட்டுடைத்தேன். அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அவசரமாக ரசம் ஊற்றினாள்.

பௌர்ணமியன்று படகு இறங்கியது. சேட் பலகையில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அப்படியும் அடுத்த வாரமே மாமாவை ரயிலேற்றிவிட்டார்கள். ஆச்சரியம், நாங்கள் எல்லோரும் கூடவே ஏறினோம். அம்மாவின் மடியில் அத்தைக்கு எடுத்த புதுப் பட்டுப்புடவை இருந்தது. நான் கோள் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று தாதர் தாண்டும்வரை அழுதேன்.

“மாமாவ ஊர்லயே விட்டுட்டு வந்துராதீயப்பா!”

அப்பா என்னைத் தூக்கி மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்காரவைத்தார். “விட்டுட்டு வந்தா உங்க அத்தை சும்மா இருப்பாளாட்டி?”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் காயாத பலகை எங்கோ மிச்சமிருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.