பெயர்க்குறிப்புக்காக நீக்கிய மூன்று வரிகள்

ஜனவரி 9: என் மனைவி, ஓய்வுபெற்ற தாதியர் சிலருடன் போர்த்துகலுக்குப் புறப்பட்டாள். முழங்கால் வலியால் நான் செல்லவில்லை.

ஜனவரி 21: எங்கள் ஊரான தானா ராத்தாவுக்குத் திரும்பினாள். பெட்டியில் செம்மறி ஆட்டுப்பால் சீஸ் ஒன்று இருந்தது.

பிப்ரவரி 6: பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்தைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தாள்.

பிப்ரவரி 27: காலை ஆறரைக்குச் சமையலறையில் மயங்கி விழுந்தாள். எட்டு மணி பத்து நிமிடத்திற்கு மருத்துவமனையில் இறந்தாள்.

மார்ச் 14: பதினாறாம் நாள் காரியம்.

அவள் பிறந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தாதியாக வேலை பார்த்தது அந்தத் தோட்டத்தின் மருந்தகத்தில். தோட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் வெளியிடும் மலரில் ஆங்கிலப் பகுதிக்கு ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். ஏறிப் பார்த்த மலையையும், அங்கே உண்ட சீஸையும் பற்றி அவள் எழுதினாள். இரண்டுக்கும் ஒரே பெயர்: செர்ரா டா எஸ்ட்ரெலா.

நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன். ‘செர்ரா டா எஸ்ட்ரெலா மவுண்டன்ஸ்’ என்று அவள் எழுதியிருந்ததைக் கண்டதும் பேனாவை எடுத்தேன். செர்ரா என்றாலே மலைத்தொடர்தான். பின்னால் மவுண்டன்ஸ் வேண்டியதில்லை. சீஸை வெறும் ‘எஸ்ட்ரெலா சீஸ்’ என்று சுருக்குவதும் சரியல்ல. மலையின் முழுப்பெயரே அதற்கும் உரியது. இவற்றை விளக்கி நான்கு வரியில் ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். பக்கம் நிரம்பிவிட்டது. இடம் வேண்டி அவளுடைய மூன்று வரிகளை அடித்தேன். அவற்றின் முதல் சில சொற்களுக்கு மேல் நான் படிக்கவில்லை.

முடிந்ததா என்று அவள் இருமுறை கேட்டாள். இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றேன். அந்த மலையை நான் பார்த்ததே இல்லை.

சீஸின் மேல்பகுதியை மூடி போலச் சீவி எடுத்து, உள்ளே குழைந்திருப்பதைச் சிறு மரக்கரண்டியால் வழித்து, மாலைத் தேநீருடன் ரொட்டியில் தடவித் தின்பாள். இரண்டு நாளுக்கு ஒரு கரண்டிதான். தீர்ந்துவிடக் கூடாதாம். அவள் போனபோது பாதிக்கு மேல் மீதியிருந்தது.

பதினாறாம் நாள் படையலில், இறந்தவருக்குப் பிடித்தவற்றை வாழையிலையில் வைப்பது எங்கள் வழக்கம். வடை, பாயசம், கேசரி எல்லாம் மற்றவர்கள் சமைத்தார்கள். நான் வைக்கக்கூடியது அது ஒன்றுதான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்து இலையின் ஓரத்தில் வைத்தேன்.

ரிங்லெட்டிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்காள் குனிந்து பார்த்தார்.

“என்னா தம்பி இது? கேஜுவா?”

கேஜு என்றால் இங்கே சீஸ். நான் அதன் முழுப்பெயரைச் சொன்னேன். அது மலைத்தொடரின் பெயர் என்றும், சீஸுக்கும் அதுவே பெயர் என்றும் சொன்னேன்.

“பேரு கெடக்கட்டும் தம்பி. எதப் போட்டு ஒறைய வச்சாங்க? கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுத்து ஊத்துவாங்களாம்லா. என் மருமவதான் சொன்னா.”

அறையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“தெரியலக்கா,” என்றேன்.

“முட்டகூடத் தொடாதவ. போற வழிக்கு இதயா கட்டிக் குடுக்கறது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சீஸை ஒரு நாளிதழில் சுற்றி, பின்வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். காலியான இடத்திற்குக் கேசரி நகர்த்தப்பட்டது. நான் தடுக்கவில்லை.

மறுநாள் குப்பை லோரி வந்து போனபின், மலருக்கு அனுப்புவதற்காக அந்தப் பக்கத்தை எடுத்தேன். அடித்த கோட்டின் கீழே அவள் கையெழுத்து தெளிவாகவே தெரிந்தது. எதைப் போட்டு உறைய வைக்கிறார்கள் என்று கேட்காமல் வாயில் வைப்பதில்லை என்று அவள் காத்திருக்கிறாள். சீஸ் செய்யும் பெண், காய்ந்த ஊதா நிற முள்பூ ஒன்றைக் கையில் கொடுத்து, இதை ஊறவைத்த தண்ணீரால்தான் என்று சைகையில் காட்டியிருக்கிறாள். அதன்பிறகே உண்டேன், மறுபடியும் கேட்டு வாங்கி உண்டேன் என்று முடித்திருந்தாள்.

ஓரத்தில் என் சிவப்பு மையில் ஒரு சொல் இருந்தது: ‘தேவையற்றது.’

செய்யாமல் நிற்பவை:

மூன்று வரிகளைத் திரும்பச் சேர்ப்பது. என் அடிக்குறிப்பை எடுப்பது. மவுண்டன்ஸ் இருக்கட்டும்.

ரிங்லெட் சென்று, அக்காளிடம் அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்துச் சொல்வது.

அவளுடன் பயணம் செய்த தாதியரிடம், அந்தச் சீஸ் இன்னொன்று வரவழைக்க முடியுமா என்று கேட்பது; முதலாண்டுத் திதிக்கு முன்.

மரக்கரண்டியைக் கழுவுவது.