குளோரி டீச்சரின் சாட்சி

இரணியல் பக்கம் குளோரி டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். பாட்டானாலும் ஜெபமானாலும் அவர் குரல்தான் முன்னால் கேட்கும். உடம்பும் குரலுக்கேற்ற கனம்தான். ஆலயத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் ஒதுங்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். டீச்சர் கவனிக்காததுபோல பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார். வீட்டுக்கு வந்து அழுத நாட்களும் உண்டு.

சுகர் கூடியபோது நாகர்கோவில் டாக்டர் வாரத்துக்கு ஒரு ஊசி எழுதிக்கொடுத்தார். சுகரும் குறையும், பசியும் மட்டுப்படும், எடையும் இறங்கும் என்றார். சொன்னபடியே நடந்தது. பொரித்த சாளை மீனின் மணம் அடித்தாலே டீச்சருக்கு ஓங்கரித்தது. நாலு வாய் கஞ்சியில் வயிறு நிறைந்தது. எட்டு மாதத்தில் பன்னிரண்டு கிலோ போயிற்று. சுகர் இருப்பதையே அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

“டீச்சரே, உபவாசம் இருந்தாக்கும் இப்பிடி மெலிஞ்சிய?” என்று வெள்ளிக்கிழமை ஜெபத்தில் ஒருத்தி கேட்டாள். டீச்சர் ஆமென்று தலையை ஆட்டினார். அந்த ஒரு ஆட்டல்தான் வினை. பசியே இல்லாதவளுக்கு உபவாசம் என்ன பெரிய காரியம் என்று மனசு குத்தத்தான் செய்தது. ஆனால் இத்தனை வருடம் சிரித்தவர்கள் இப்போது ஆச்சரியமாகப் பார்க்கிறார்களே, அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? லெந்து எனும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் அவராகவே எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். ஜெபத்தாலும் உபவாசத்தாலும் ஆண்டவர் தன் சரீரத்தைத் தொட்டார் என்று சொல்லிவிட்டார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது.

அடுத்த வீட்டு ராகேல் முன் பெஞ்சிலிருந்து கண் கலங்கக் கேட்டாள். அவளுக்கும் சுகர்தான். ஆனால் அவள் போடுவது இன்சுலின். போடத் தொடங்கியபின் ஒன்பது கிலோ கூடியிருந்தது.

மூன்றாவது வாரம் அவள் வேலியோரம் வந்து தன் ஜம்பரின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். “பாத்தியளா டீச்சரே, எனக்கும் லூசாயிட்டு. உபவாசமும் இருக்கேன், அந்தப் பாழாப்போன இன்சுலினையும் நிறுத்திட்டேன். அதைப் போட்டுத்தானே ஊதினேன்!”

சுகர் ஏறினாலும் உடம்பு வற்றும் என்று டாக்டர் சொன்னது டீச்சருக்கு நினைவிருந்தது. இப்போதே போய் ஊசியைப் போடு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் குட்டும் உடைந்துவிடும். “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலாம் நாள் ராகேலை நினைவில்லாமல் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சுகர் அறுநூறு. மூன்று நாள் ஐசியூ. வார்டுக்கு மாற்றியபிறகுதான் டீச்சருக்குப் போய்ப் பார்க்கத் துணிவு வந்தது.

“ஜெபம் பண்ணுங்க டீச்சரே” என்றாள் ராகேல். குரல் தேய்ந்திருந்தது. “எனக்க விசுவாசம் போதாது. ஒங்களத் தொட்ட ஆண்டவர் என்னத் தொடல்ல. என்ன பாவம் செய்தேனோ, எனக்க மேல அவருக்குக் கோவம்.”

ஜெபிக்கக் கண்ணை மூடிய டீச்சர் உடனே திறந்துவிட்டார். வெட்கத்தில் காது சுட்டது. தரைக்குள் போய்விடமாட்டோமா என்றிருந்தது.

“ஏட்டி ராகேலு, நானும் ஊசியாக்கும் போட்டேன். எனக்கும் சுகர் உண்டு. அந்த ஊசி போட்டா பசிக்காது, எடையும் இறங்கும். சபையில நான் சொன்னது பொய். வேலியில நீ சொன்னப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும். ஒன்னயக் கொல்லப் பாத்தேன் மக்கா.”

திட்டுவாள், முகத்தில் துப்புவாள் என்றுதான் நினைத்தார். துப்பியிருந்தால் தேவலை. ராகேல் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

“அப்போ ஆண்டவருக்கு எனக்க மேல கோவமில்ல, இல்லியா டீச்சரே?”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் உடைந்து அழுதார். ஞாயிற்றுக்கிழமை அதே மைக்கைப் பிடித்து, ராகேலின் அந்தக் கேள்வியிலிருந்தே சாட்சியைத் தொடங்கினார். முடித்தபோது சபையில் ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.